பேத்தி கேட்ட பீர்

விளக்கு வைக்கிற நேரம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயதுப் பேத்தி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "என்னடா கண்ணு, பசிக்குதா?" என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அம்மாச்சி, எனக்கு பீர் வேணும்."

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ, எனக்குத் தெரியாது. நான் கையிலிருந்த கரண்டியைச் சாம்பாருக்குள் நழுவ விட்டுவிட்டேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சாதா பீர் இல்லை அம்மாச்சி. பட்டர் பீர். ஹாரி பாட்டர் குடிப்பானே, அது."

"யாரும்மா அவன்? நம்ம தெருப் பையனா?" என்று அவர் உள்ளே வந்தார்.

சிரிக்காதீர்கள். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிய மனிதருக்கு, மந்திரவாதப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வெள்ளைக்காரப் பையனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பையனுக்கு அம்மா அப்பா கிடையாது. பனி கொட்டுகிற ஒரு மலைக் கிராமத்துச் சத்திரத்தில் அவன் முதல் முறையாக அந்தப் பானத்தைக் குடிக்கிறான். நுரை பொங்கும் கோப்பை. ஒரு வாய் உள்ளே போனதும் உடம்பு முழுக்கக் கதகதப்பு பரவுகிறது. ஜே. கே. ரௌலிங் என்ற அம்மாள் எழுதி 1999ல் வந்த மூன்றாம் புத்தகத்தில் இது வருகிறது. அதில் லேசாகப் போதை உண்டாம். ஆனாலும் வீட்டு வேலை செய்கிற குட்டிப் பூதங்களுக்குத்தான் அது தலைக்கேறுமாம். இதையெல்லாம் பேத்தி ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள். பிறகு, "அம்மா லீவுல செஞ்சு தர்றேன்னாங்க" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது 2023ஆம் வருஷத்து ஆடி மாதம். கோயம்புத்தூரில் இருந்த என் மகளுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன், அதற்கப்புறம் மாதக் கணக்கில் மருந்து. மாப்பிள்ளை கூடவே இருந்தார். குழந்தையை நாங்கள் அழைத்து வந்து இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பெட்டியில் நாலு கவுனும், தலையணை மாதிரி ஒரு புத்தகமும் இருந்தன. தினம் ராத்திரி தாயும் மகளும் அந்தப் புத்தகத்தைப் படிப்பார்களாம். தாய் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் கதை சொல்லுவாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் நிறுத்திய பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டு செருகியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தை அவள் புரட்டவே இல்லை.

அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். "பரவாயில்லை அம்மாச்சி", "போதும் அம்மாச்சி" என்று விருந்தாளி மாதிரி நடந்துகொண்டாள். அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பிடிவாதம் பிடிக்கிற குழந்தையை எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்து விடலாம். மரியாதையாக இருக்கிற குழந்தையை என்ன செய்வது? வந்து மூன்று வாரத்தில் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் இந்தப் பீர்தான்.

செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மாடியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியையிடம் விசாரித்தேன். புத்தகத்தில் செய்முறை கிடையாதாம். அமெரிக்காவில் ஆர்லாண்டோ என்ற ஊரில் 2010ல் இந்தக் கதையை வைத்தே ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்து, அங்கே இந்தப் பானத்தை விற்கிறார்களாம். ருசி பட்டர்ஸ்காட்ச் மிட்டாயின் ருசி என்றாள். பட்டர்ஸ்காட்ச் என்பது 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஊரில் பெயர் வாங்கிய மிட்டாய். பழுப்புச் சர்க்கரையையும் வெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு, வேறொன்றுமில்லை.

பாகு என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தீபாவளிக்கு அதிரசம் சுடுகிறவளுக்குப் பாகு தெரியாதா? பழுப்புச் சர்க்கரைக்கு நம் மண்டை வெல்லம் இருக்கிறது. வெண்ணெய் இருக்கிறது. பால் இருக்கிறது.

அந்தத் தைரியத்துக்குச் சரியான பலன் கிடைத்தது. முதல் நாள், கொதிக்கிற வெல்லப் பாகில் கொதிக்கிற பாலை ஊற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் பால் திரிந்து, தண்ணீர் வேறு திப்பி வேறாக நின்றது. வெல்லத்தில் இருக்கும் புளிப்பு சூட்டில் பாலைத் திரித்துவிடும். பாயசத்துக்கு ஆறவிட்டுப் பால் சேர்க்கிறவளுக்கு, அவசரத்தில் அது மறந்து போயிற்று.

"பரவாயில்லை அம்மாச்சி" என்றாள் பேத்தி.

இரண்டாம் நாள் பாலை ஆற வைத்துவிட்டேன். ஆனால் பாகு அடுப்பில் இருந்தபோது மதுரையிலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். மகளுக்கு ராத்திரி காய்ச்சலாம். பேசிவிட்டு வந்து பார்த்தால் பாகு கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. வெண்ணெயும் வெல்லமும் சேர்ந்து தீய்ந்தால் வரும் கசப்பு வேப்பெண்ணெயைத் தோற்கடிக்கும். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. கம்பி நாரை எடுத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தாள். போனில் யார் என்றும் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இதற்குள் மாடி ஆசிரியை ஒரு புதையலைக் கொண்டுவந்தாள். இந்தக் கதைக்கெல்லாம் நானூறு வருஷத்துக்கு முன்பே, 1594ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் வெண்ணெய் பீர் இருக்கிறதாம். அது நிஜ பீர். அதில் ஐந்து முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சி எல்லாம் போட்டுச் சுடவைத்து, இறக்கியபின் வெண்ணெயைச் சேர்க்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும்.

"இன்னொரு தரம் சொல்லும்மா" என்றேன்.

"ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி ஊத்தணும்மா."

அட, இது நம் ஆற்றுகிற வேலை அல்லவா! மூலைக்கு மூலை டீக்கடையில் மாஸ்டர் தலைக்கு மேலே தூக்கி ஆற்றுகிறாரே, நாம் தினம் காலையில் டபராவும் டம்ளருமாக நுரை கிளப்புகிறோமே, அதேதான். வெள்ளைக்கார மந்திரவாதப் பானத்தின் சூட்சுமம் என் கையிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு முழம் உயரம் கூடிவிட்டது.

ஆனால் வாசனை? ஜாதிக்காயும் கிராம்பும் அவர்களுக்கு. போடியில் பிறந்தவளுக்கு ஏலக்காய்தான் வாசனை.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மேற்கே பார்த்தால் வீட்டு வாசலிலேயே மலை. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. நாலாயிரம் அடிக்கு மேலே. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியற்காலை ஜீப்பில் ஏறிப் போய்க் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். இஞ்சி, மஞ்சள் வகையைச் சேர்ந்த செடி அது. பூவும் காயும் தரையோரம் சரஞ்சரமாக ஓடும். குனிந்த முதுகு நிமிராமல் எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் சூடு வைத்து உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். அது மலையிறங்கி எங்கள் ஊருக்கு வந்து ஏலத்துக்குப் போகும். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் எங்கள் ஊர். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதே எங்களுக்காகத்தானோ என்று நினைத்துக்கொள்வேன்.

என் அம்மா காய் பிரிக்கிற வேலைக்குப் போனவள். முறத்தில் பரப்பி, பெருவெட்டுக் காய் தனி, நடுத்தரம் தனி, வெடித்த காய் தனி என்று விரலாலேயே ஒதுக்குவாள். சாயங்காலம் அவள் கை என் தலையைத் தடவினால் மயிரெல்லாம் மணக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தது வெடித்த காய் மட்டும்தான். நல்ல காய் டெல்லிக்கும் அரபு நாட்டுக்கும் போகும். வெடித்தது நமக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். எனக்குக் கல்யாணமான பிறகும் அதுவே தொடர்ந்தது. கமிஷன் கடைக் கணக்கர் ஒருநாளும் சட்டைப் பையில் ஒரு காய் போட்டுக்கொண்டு வந்ததில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் என்று விலை போனபோது, நான் பாயசத்துக்கு ஏலக்காய்த் தோலைத்தான் தட்டிப் போட்டேன்.

மூன்றாம் முயற்சிக்கு நான் எடுத்தது, எப்போதோ பொடித்து டப்பாவில் வைத்திருந்த ஏலப்பொடி. அவர் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இதுல என்ன இருக்கு? மரத்தூள்" என்றார். ஏலத்தின் மணமெல்லாம் அரிசிக்குள் இருக்கும் எண்ணெயில்தான். தோல் வெடித்தாலோ, பொடித்து வைத்தாலோ நாளாக ஆக அது பறந்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. மலையிலிருந்து சாரல் வேறு.

முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். ஐம்பது கிராம் இருக்கும். பிரித்தால் எட்டு மில்லிக் காய், பச்சை மாறாமல், ஒன்று போல் ஒன்று.

"என்னங்க இது, ஏலத்துக்குப் போற காய்!"

"காசு குடுத்துத்தான் வாங்கினேன். பிள்ளைக்குத்தானே?" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்கப்புறம் அவர் எனக்கு வாங்கித் தந்த பொருள்களில் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அன்றைக்குச் செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். நாலு டம்ளருக்குக் கணக்கு.

மண்டை வெல்லம் 200 கிராமைத் தட்டிக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். பாத்திரம் அடி கனமாகவும் பெரிதாகவும் இருக்கட்டும். காரணம் பிறகு தெரியும். நிதானமான தீயில் காய்ச்சி, விரலில் தொட்டுப் பிரித்தால் இரண்டு கம்பி நிற்கும்போது 50 கிராம் பசு வெண்ணெயைப் போடுங்கள். கிளறக் கிளறக் குமிழி பெருத்துப் பளபளப்பு வரும். நெய்யும் வெல்லமும் கலந்த வாசனை கூடத்துக்குப் போய் யாராவது எட்டிப் பார்த்தால் அதுதான் பதம். உடனே இறக்கிவிடுங்கள். போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

இறக்கியதும் இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. சோடா விழுந்ததும் பாகு புஸ்ஸென்று பொங்கி எழும். பெரிய பாத்திரம் கேட்டது இதற்காகத்தான். வெல்லத்தின் புளிப்பை அது அடக்கிவிடும், பால் திரியாது. உப்பை விட்டுவிடாதீர்கள். உப்பில்லாவிட்டால் வெறும் இனிப்பு, உப்பிருந்தால்தான் பட்டர்ஸ்காட்ச். கடைசியில், ஆறு ஏலக்காயின் அரிசியை அப்போதே நுணுக்கிப் போட்டு, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை சேர்த்து மூடிவிடுங்கள். ஏலத்தை அடுப்பில் கொதிக்கவிட்டால் மணம் தெருவுக்குப் போய்விடும்.

பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். டம்ளருக்கு இரண்டு பெரிய கரண்டிப் பாகு. பிறகு கையைத் தூக்கி ஏழெட்டுத் தரம் நன்றாக ஆற்றுங்கள். வெண்ணெய் மேலே மிதக்காமல் பாலோடு கலப்பதும், நுரை நிற்பதும் இந்த ஆற்றலில்தான். மூன்று நாலு நாள் சேர்த்துக் குளிர வைத்த பாலாடையைச் சர்க்கரை போட்டு மத்தால் கடைந்து, நுரைத்துக் கனத்து வரும்போது நிறுத்தி, மேலே ஒரு கரண்டி போடுங்கள். இன்னும் நாலு சுற்று கடைந்தால் வெண்ணெய் திரண்டுவிடும். அப்புறம் தோசைக்குத்தான் ஆகும்.

பேத்தி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்தாள். மூக்குக்குக் கீழே வெள்ளை வெளேரென்று நுரை மீசை.

"எங்க அய்யா மாதிரியே இருக்கு" என்று அவர் தன் தகப்பனாரின் மீசையை நினைத்துச் சொன்னார். குழந்தை சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் முதல் சிரிப்பு. இன்னொரு வாய் குடித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாச்சி, அம்மா செத்துப் போயிடுவாங்களா?"

அடுப்படியில் சத்தமே இல்லை. "சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைப்பதுதான் நம் வழக்கம். என் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் மூன்று வாரமாக இந்தக் கேள்வியை ஒரு பிஞ்சு தனியாகச் சுமந்திருக்கிறதே! அதை இன்னும் எத்தனை நாள் சுமக்கச் சொல்வது?

"தெரியலடா கண்ணு" என்றேன். "குணமாயிடும்னுதான் டாக்டரு சொல்றாரு. நானும் அதத்தான் நம்புறேன். ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்கு. ராத்திரி தூக்கம் வர்றதில்ல."

"எனக்கும் வர்றதில்லை அம்மாச்சி" என்றாள். அப்புறம் வந்தது அழுகை. ஆடி மாதத்து மலைமழை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். அவர் எழுந்து போய், ஆறிப்போயிருந்த நாலு டம்ளரையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றிச் சுடவைத்து, வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே ஆற்றினார். பாதி தரையில் கொட்டியது. மீதியைக் குடித்தோம்.

அன்றிலிருந்து அவள் விருந்தாளியாக இல்லை. மறுநாளே கத்தரிக்காயைத் தட்டில் ஒதுக்கினாள். நான் அதட்டினேன். வீடு வீடாயிற்று.

சனிக்கிழமை பாகை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினோம். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தின எங்கள் ஊர் ரயில், அந்த ஜூன் மாதம்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலான காத்திருப்புக்குப் பிறகு திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில்கூட வெளியே பார்க்கவில்லை.

டாக்டரிடம் கேட்டோம். ஒரு ஸ்பூன் தரலாம் என்றார். என் மகளுக்கு வாயெல்லாம் புண். நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஆச்சியோட கை வாசனை வருது" என்றாள். ஆச்சி என்று அவள் சொன்னது என் அம்மாவை. பிறகு கண்ணைத் திறந்து, "உப்பு இன்னொரு சிட்டிகை போடலாம்" என்றாள். சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிற அளவுக்கு உயிர் இருக்கிறது என்று நான் மனசுக்குள் மலைமேல் இருக்கும் பரமசிவனைக் கும்பிட்டேன்.

தை மாதம் அவள் வந்துவிட்டாள். மெலிந்து, தலையில் குட்டை மயிரோடு, ஆனால் நடந்து வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டியிருந்தது. பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் பேசுகிறோம். வந்த அன்று ராத்திரி பேத்தி புத்தகத்தை எடுத்து, பஸ் டிக்கெட்டு இருந்த பக்கத்தைப் பிரித்துத் தாயின் கையில் கொடுத்தாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சித்திரை வெயிலில் என் மகள் இன்னொரு விதம் செய்தாள். டம்ளரில் இரண்டு கரண்டிப் பாகு, மேலே ஜில்லென்று ஒரு கோலி சோடா, அதன்மேல் கடைந்த பாலாடை. சீறிக்கொண்டு நுரைக்கிறது, பார்வைக்கு அசல் பீர்தான். ஒருநாள் எங்கள் வீட்டுக்காரர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு பலமாக ஓர் ஏப்பம் விட்டார். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "என்னக்கா, அண்ணன் இந்த வயசுல..." என்று இழுத்தாள்.

"ஆமா. பேத்தி பழக்கிவிட்டா" என்றேன்.